டிசம்பரில் பிறந்த குற்றம்

ஒரு பிள்ளை எந்த மாதத்தில் பிறந்தது என்பதை வைத்து அதன் எதிர்காலத்தைக் கணித்துச் சொல்வோரைச் சோதிடர் என்கிறோம். படித்தவர்களாகிய நாம் அவர்களை நம்புவதில்லை என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளவும் செய்கிறோம். ஆனால், கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னேறியவை எனப் போற்றப்படும் நாடுகளில், ஒரு குழந்தை நாள்தோறும் காலையில் மாத்திரை விழுங்க வேண்டுமா வேண்டாமா என்பதை அதன் பிறந்த மாதம் ஓரளவு முடிவு செய்கிறது என்றால் வாசகர்கள் வியப்படையக் கூடும். இது சோதிடம் அன்று. இலட்சக்கணக்கான பிள்ளைகளின் மருத்துவப் பதிவேடுகளிலிருந்து எடுக்கப்பட்ட கணக்கு.

கனடா நாட்டின் மேற்குக் கரையில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே ஓர் ஆண்டின் ஜனவரி முதல் நாளில் பிறந்த குழந்தையும், அதே ஆண்டின் டிசம்பர் 31 அன்று பிறந்த குழந்தையும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவர்கள். ஆறு வயது நிறைகின்ற ஆண்டின் செப்டம்பரில் முதல் வகுப்பு தொடங்குகிறது. அன்று மூத்தவனுக்கு 6 ஆண்டு 8 மாதம். இளையவனுக்கு 5 ஆண்டு 8 மாதம். ஒருவன் இவ்வுலகில் 80 மாதங்கள் வாழ்ந்து பழகியவன். மற்றவன் 68 மாதங்களே வாழ்ந்தவன். ஐம்பது வயதினருக்கு ஓராண்டு வேறுபாடு ஒரு பொருட்டே அன்று. ஆறு வயதுப் பிள்ளைக்கோ அது அதன் வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு.

இந்த இரு பிள்ளைகளையும் ஒரே ஆசிரியர், ஒரே அளவுகோலால் அளக்கிறார். அசையாமல் உட்கார வேண்டும்; முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்; சொன்னதைக் கேட்டு முடிக்க வேண்டும். மூத்தவன் உட்காருகிறான். இளையவன் எழுந்து ஓடுகிறான், பென்சிலைத் தொலைக்கிறான், சன்னலுக்கு வெளியே பார்க்கிறான், பிறர் பேசி முடிக்குமுன் குறுக்கே பேசுகிறான். ஐந்தரை வயதுப் பிள்ளை ஐந்தரை வயதுப் பிள்ளையாகவே நடந்துகொள்கிறது. ஆனால் அதன் அருகே ஏறத்தாழ ஏழு வயதுப் பிள்ளை அமர்ந்திருப்பதால், இது குறையுள்ள பிள்ளையாகத் தோன்றுகிறது.

இந்தத் தோற்றம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை 2012ஆம் ஆண்டு கனடிய மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வு காட்டியது. 1997 முதல் 2008 வரையிலான பதினோராண்டுக் காலத்தில் அம்மாகாணத்தில் 6 முதல் 12 வயதுக்குட்பட்டிருந்த 9,37,943 பிள்ளைகளின் பதிவுகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். கவனக்குறைவும் மிகையியக்கமும் சேர்ந்த கோளாறு, அதாவது ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர்கள் சுருக்கமாக அழைக்கும் நிலை, யார் யாருக்கு உள்ளதாகச் சொல்லப்பட்டது என்று கணக்கிட்டார்கள். ஜனவரியில் பிறந்த ஆண் பிள்ளைகளைவிட டிசம்பரில் பிறந்த ஆண் பிள்ளைகளுக்கு அக்கோளாறு இருப்பதாக 30 விழுக்காடு கூடுதலாக முடிவு கட்டப்பட்டிருந்தது. பெண் பிள்ளைகளிடையே இது 70 விழுக்காடு கூடுதல். மருந்து எழுதித் தரப்பட்டதிலோ, டிசம்பர் ஆண் பிள்ளைகள் 41 விழுக்காடும் பெண் பிள்ளைகள் 77 விழுக்காடும் முந்தி நின்றார்கள்.

டிசம்பர் 31 இரவு பிறந்த குழந்தை, சில மணி நேரம் தாமதித்து ஜனவரி முதல் நாள் விடியலில் பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த ஆண்டுதான் பள்ளிக்குப் போயிருக்கும். தன் வகுப்பிலேயே மூத்த பிள்ளையாய், பொறுமைசாலி என்று பெயரெடுத்திருக்கும். அதே தாய், அதே தந்தை, அதே உடல், அதே மூளை. இடையில் இருப்பது நாட்காட்டியின் ஒரு தாள் மட்டுமே.

இதற்குச் சிலர் உடனே ஒரு மறுமொழி தருவர். 'குளிர் காலத்தில் பிறந்த குழந்தைகளுக்கு உண்மையிலேயே ஏதேனும் உடற்குறை இருக்கலாமே' என்பார்கள். இவர்களுக்கு மற்ற நாடுகள் விடை சொல்கின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவில் சேர்க்கை வயதின் எல்லைக்கோடு ஜூன் 30. அங்கே 6 முதல் 10 வயதினருள், வகுப்பிலேயே இளையவர்களான ஜூன் மாதப் பிள்ளைகள், மூத்தவர்களான ஜூலை மாதப் பிள்ளைகளைப் போல ஏறத்தாழ இரு மடங்கு மருந்து பெற்றிருந்தார்கள் என்று 2017இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. தைவானில் எல்லைக்கோடு ஆகஸ்டு 31. அங்கே ஆகஸ்டில் பிறந்தவர்களே மிகுதி. ஐஸ்லாந்தில் ஆண்டு முடிவே எல்லை. அங்கே வகுப்பின் இளைய மூன்றில் ஒரு பங்கினர், மூத்த மூன்றில் ஒரு பங்கினரைவிட 50 விழுக்காடு கூடுதலாக ஊக்க மருந்து பெற்றார்கள்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சான்று இன்னும் தெளிவானது. அங்கே பல மாநிலங்களில் செப்டம்பர் முதல் நாளுக்குள் ஐந்து வயது நிறைந்தவர்களையே மழலையர் வகுப்பில் சேர்ப்பார்கள். வேறு சில மாநிலங்களில் அந்தக் கோடு இல்லை. 2007 முதல் 2009 வரை பிறந்த நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து 2018இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கோடு உள்ள மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்தவர்களுள் பத்தாயிரத்துக்கு 85.1 பேருக்கும், செப்டம்பரில் பிறந்தவர்களுள் 63.6 பேருக்கும் ஏ.டி.எச்.டி. என்று முடிவு செய்யப்பட்டிருந்தது. கோடு இல்லாத மாநிலங்களில் இவ்விரு மாதங்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடே காணப்படவில்லை. ஆஸ்துமா, நீரிழிவு போன்ற நோய்களையும் அதே ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவற்றில் ஆகஸ்டு, செப்டம்பர் என்ற பாகுபாடு தென்படவில்லை.

கோடு டிசம்பரில் இருந்தால் டிசம்பர் பிள்ளை நோயாளி. கோடு ஜூனில் இருந்தால் ஜூன் பிள்ளை நோயாளி. கோடு இல்லாத இடத்தில் வேறுபாடும் இல்லை. அரசாணையைப் படித்துவிட்டு வந்து தொற்றும் நோய் எதையும் மருத்துவ உலகம் இதுவரை கண்டதில்லை. நாம் காண்பது பிள்ளையின் உடலில் உள்ள குறையை அன்று; அலுவலக மேசையில் இழுக்கப்பட்ட ஒரு கோட்டின் நிழலை. அந்த நிழலுக்கு மருந்து கொடுப்பது எவ்வகையில் நியாயம்?

தவறு நிகழும் இடத்தையும் ஆய்வுகள் சுட்டியுள்ளன. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர் டாட் எல்டர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர் தரும் மதிப்பீட்டையும் பெற்றோர் தரும் மதிப்பீட்டையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தார். வகுப்பில் இளைய பிள்ளைகளைக் கவனமற்றவர்கள் என்றும் துறுதுறுப்பு மிகுந்தவர்கள் என்றும் ஆசிரியர்கள் பெரிதும் மதிப்பிட்டிருந்தார்கள். பெற்றோரின் மதிப்பீட்டிலோ இந்த வேறுபாடு அவ்வளவாக இல்லை. காரணம் எளிது. தாய் தன் பிள்ளையைத் தெருவிலும் உறவிலும் உள்ள பல வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிடுகிறாள். ஆசிரியர் வகுப்பறையில் உள்ளவர்களோடு மட்டும் ஒப்பிடுகிறார். அமெரிக்காவில் இக்கோளாறு உள்ளதாகச் சொல்லப்பட்ட ஏறத்தாழ 45 இலட்சம் பிள்ளைகளில் 9 இலட்சம் பேர் தவறாகவே அவ்வாறு கணிக்கப்பட்டிருக்கலாம் என்பது எல்டரின் மதிப்பீடு.

இதற்காக ஆசிரியர் மீது பழி போடுவது என் நோக்கம் அன்று. இருபத்தைந்து, முப்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் கட்டி மேய்க்கும் ஒருவர் கண்ணில் பட்டதைச் சொல்கிறார். அவர் சொல்வதை மருந்துச் சீட்டாக மாற்றுகிறவர் வேறொருவர். அவருக்கு வழிகாட்ட அமெரிக்க உளநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இருக்கிறது. பிள்ளையின் வளர்ச்சி நிலைக்குப் பொருந்தாத அளவுக்கு அறிகுறிகள் இருக்க வேண்டும், அவை ஆறு மாதங்களேனும் நீடிக்க வேண்டும், வீடு பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்பட வேண்டும் என்று அக்கையேடு தெளிவாகவே கூறுகிறது. வளர்ச்சி நிலை என்ற அச்சொல்லை நேர்மையாக எடுத்துக்கொண்டால், பிறந்த தேதியைப் பாராமல் எந்த முடிவுக்கும் வர இயலாது. விதி சரியாகவே எழுதப்பட்டிருக்கிறது, கடைப்பிடிப்பதில்தான் குறை.

இவ்விடத்தில் என்னைத் தவறாகப் புரிந்துகொள்ள இடந்தரலாகாது. ஏ.டி.எச்.டி. என்பதே கட்டுக்கதை, மருந்துக் கம்பெனிகள் கட்டிவிட்ட புரளி என்று பேசித் திரிவோர் கூட்டம் ஒன்று உண்டு. நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன். இந்தக் கோளாறு உண்மையானது. 1937இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பிராட்லி, தம் மருத்துவ இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஊக்க மருந்து கொடுத்து, அவர்களில் பலர் அமைதியாகப் பாடத்தில் ஈடுபட்டதைப் பதிவு செய்தார். அன்றுமுதல் எத்தனையோ பிள்ளைகள் மருந்தினால் படிப்பை மீட்டிருக்கிறார்கள். எத்தனையோ குடும்பங்கள் நிம்மதி அடைந்திருக்கின்றன. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எந்தத் தாயும் தன் பிள்ளையின் மருந்தைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. அது மருத்துவரோடு அமர்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இளைய பிள்ளைகளுக்கு அளிக்கப்பட்ட நோய்ப்பெயர் வயது ஏற ஏறத் தானே மறைந்துவிடுகிறதா என்று பார்த்த ஓர் ஆய்வு 2023இல் வெளிவந்தது. வகுப்பில் இளையோரிடமும் மூத்தோரிடமும் அந்த நிலை ஏறக்குறைய ஒரே அளவில் நீடிப்பதாக அது கண்டது. ஆகவே இளையவர்களுக்குச் சொல்லப்பட்டதெல்லாம் பொய் என்று எவரும் முரசறையக் கூடாது. ஆனால் கணக்கின் மறுபக்கத்தை எண்ணிப் பாருங்கள். டிசம்பர் பிள்ளைகளில் கண்டறியப்பட்ட அளவே சரியென்று வைத்துக்கொண்டால், ஜனவரி பிள்ளைகளில் பலர் கண்டறியப்படாமலே விடப்பட்டிருக்கிறார்கள். உண்மையாகவே கோளாறு உள்ள மூத்த பிள்ளை, வயதின் வலிமையால் தட்டுத் தடுமாறிச் சமாளித்துவிடுவதால், சோம்பேறி என்ற வசவோடு போய்விடுகிறது. எப்பக்கம் பார்த்தாலும் அளவுகோல் கோணலானதே. ஒரு பக்கம் வேண்டாத மருந்து. மறுபக்கம் வேண்டியவனுக்குக் கிட்டாத மருந்து.

'மருந்து கொடுத்தோம், பிள்ளை நன்றாகப் படிக்கிறது; ஆகவே கோளாறு இருந்தது உண்மைதானே' என்று வாதிடுவோரும் உளர். கேட்பதற்குச் சரியாகவே தோன்றும் இந்த வாதம் 1978ஆம் ஆண்டிலேயே தகர்ந்து போயிற்று. ஜூடித் ரப்பபோர்ட் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும், எக்கோளாறும் இல்லாத சிறுவர்களுக்கு ஒருவேளை ஊக்க மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய துறுதுறுப்பும் குறைந்தது, கவனமும் கூடிற்று. கண்ணாடி போட்டவுடன் எழுத்து தெளிந்தால் பார்வைக் குறை இருந்ததென்று சொல்லலாம். ஊக்க மருந்து அப்படிப்பட்ட கண்ணாடி அன்று. நலமாக உள்ளவனையும் அது அசையாமல் உட்கார வைக்கும். ஆகவே பயன் தெரிந்தது என்பது நோய் இருந்ததற்குச் சான்றாகாது.

'கொடுத்தால்தான் என்ன கெட்டுப்போகும்' என்ற கேள்விக்கும் விடை உண்டு. மெத்தில்ஃபெனிடேட் முதலிய இம்மருந்துகள் பசியைக் குறைக்கும், உறக்கத்தைக் கெடுக்கும், நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் சற்றே உயர்த்தும், நீண்ட நாள் உட்கொள்ளும் பிள்ளைகளின் உயர வளர்ச்சியைச் சிறிது தடுக்கும். தேவையுள்ள பிள்ளைக்கு இவை தாங்கத்தக்க விலை. தேவையற்ற பிள்ளைக்கோ ஒரு ரூபாய் கூட வீண் விலைதான். மருந்து உடலைவிட்டு நீங்கிவிடும், பெயர் நீங்காது. 'உன் மூளையில் ஏதோ சரியில்லை' என்று ஆறு வயதில் கேட்ட பிள்ளை, அறுபது வயதிலும் அதை மறப்பதில்லை. எந்தக் குறையும் இல்லாத ஒரு மனிதப் பிறவியின் மாண்பின்மீது, வெறும் நாட்காட்டியின் பெயரால் இப்படியொரு முத்திரை குத்த யாருக்கு உரிமை உண்டு?

வேறு வழியே இல்லை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வழி இருக்கிறது. டென்மார்க் நாட்டில், பிள்ளை இன்னும் பக்குவப்படவில்லை எனப் பெற்றோர் கருதினால் ஓராண்டு தாமதித்துப் பள்ளிக்கு அனுப்ப முடியும். ஆண்டின் இறுதி மாதங்களில் பிறந்தவர்களில் கணிசமானோர் அவ்வாறே அனுப்பப்பட்டு வந்திருக்கிறார்கள். பிறந்த மாதத்துக்கும் மருந்துக்கும் உள்ள தொடர்பு அந்நாட்டில் மிகவும் மெலிந்து காணப்பட்டது. அதே நாட்டுப் பிள்ளைகளை ஆராய்ந்த வேறிரு அறிஞர்கள், ஓராண்டு தாமதித்துப் பள்ளி தொடங்கிய பிள்ளைகளிடம் ஏழு வயதில் கவனச் சிதறலும் மிகையியக்கமும் வெகுவாகக் குறைந்திருப்பதையும், அந்த நன்மை பதினோரு வயதிலும் தொடர்வதையும் கண்டார்கள். மாத்திரை செய்யும் வேலையில் ஒரு பங்கைக் காலமே செய்துவிடுகிறது, அதுவும் செலவில்லாமல்.

செலவில்லாமல் என்று எழுதிய உடனே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. அமெரிக்காவில் வசதி படைத்த பெற்றோர் தங்கள் பிள்ளையை ஓராண்டு வீட்டில் வைத்திருக்க முடிகிறது. இருவரும் வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்ற நிலையிலுள்ள ஏழைப் பெற்றோருக்கு அந்த ஓராண்டுக் குழந்தைக் காப்பகச் செலவு தாங்காது. அவர்கள் பிள்ளை குறித்த நாளில் பள்ளிக்குப் போயே தீர வேண்டும். வகுப்பில் ஏற்கெனவே இளையதாகிய அப்பிள்ளை, வசதியுள்ளோரின் தாமதித்த பிள்ளைகளுக்கு நடுவே இன்னும் இளையதாகிவிடுகிறது. ஆகவே தாமதிக்கும் உரிமை மட்டும் போதாது; அதைப் பயன்படுத்த ஏழைக்கும் அரசு துணை நிற்க வேண்டும்.

இதெல்லாம் அயல்நாட்டுக் கதை என்று நம்மில் யாரும் எண்ண வேண்டாம். நம் உறவினர் பலர் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் குடியேறி வாழ்கிறார்கள். அங்கும் பள்ளிச் சேர்க்கையின் கோடு டிசம்பர் 31தான். தமிழகத்தில் முதல் வகுப்புச் சேர்க்கைக்கு ஜூலை 31 அன்று ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது நாம் அறிந்த வழக்கம். இம்மருந்துகள் மருத்துவர் சீட்டின் பேரில் நம் நாட்டிலும் கிடைக்கின்றன. ஓராண்டு வீணாகக் கூடாதே என்ற அவசரத்தில் பிள்ளையை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சேர்த்துவிடும் ஆர்வமும் நம்மிடம் குறைவில்லை. கோடும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது, அவசரமும் இருக்கிறது. பிற நாடுகளில் கண்ட தவறு இங்கே நேராமலிருக்க, விழிப்பு ஒன்றே காவல்.

நம் முன்னோர் காலத்துப் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்க்கும்போது, வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் சேர்க்கை; தொடாவிட்டால் அடுத்த ஆண்டு வா என்பார்கள். அது கரடுமுரடான முறைதான். கை நீளத்துக்கும் அறிவு முதிர்ச்சிக்கும் நேரடித் தொடர்பு இல்லைதான். ஆயினும் அம்முறையில் ஒரு நேர்மை இருந்தது. அந்தத் தலைமையாசிரியர் தேதியைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்தார். காது எட்டாத பிள்ளையை நோயாளி என்று எவரும் சொல்லவில்லை. இன்னும் வளர வேண்டும் என்று மட்டுமே சொன்னார்கள்.

2019இல், முன்னாள் ஆசிரியரும் மேற்கு ஆஸ்திரேலியச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவருமான மார்ட்டின் விட்லியும் அவருடைய தோழர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 13 நாடுகள், 19 ஆய்வுகள், ஒரு கோடியே ஐம்பத்து நான்கு இலட்சம் பிள்ளைகள். அவற்றுள் 17 ஆய்வுகள் ஒரே செய்தியைச் சொல்லின. இனியும் சான்று போதாது என்று சொல்வது அறியாமை ஆகாது; அலட்சியம் ஆகும்.

ஆட்சியாளரிடமும் மருத்துவரிடமும் நாம் கேட்க வேண்டியது பெரிய புரட்சி எதுவும் அன்று. பிள்ளையின் நடத்தை பற்றி ஆசிரியர் நிரப்பும் படிவத்தின் முதல் வரியிலேயே, வயது எத்தனை ஆண்டு எத்தனை மாதம், வகுப்பில் வயது வரிசையில் எத்தனையாவது என்று எழுதும்படி செய்ய வேண்டும். மருத்துவர் அப்பிள்ளையை அதே மாதங்கள் நிறைந்த வேறு பிள்ளைகளோடு ஒப்பிட வேண்டும். நிலைமை கடுமையாக இல்லையெனில், ஒரு பள்ளிப் பருவம் பொறுத்துப் பார்க்க வேண்டும். பள்ளியிலிருந்து அப்படியொரு கடிதம் வந்தால், பெற்றோர் அஞ்சவும் வேண்டாம், சீறவும் வேண்டாம். 'இந்த வகுப்பில் என் பிள்ளையைவிட இளையவர் எத்தனை பேர்?' என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் எழுதப்படும் எந்த மருந்துச் சீட்டும் மனச்சான்றுக்கு முன் செல்லாது.